எத்தனை வாசல் ஏறுவாள்?

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்



ஆண்டு மலரில் பத்தாம் வகுப்புக்கென்று ஒதுக்கப்படும் பக்கங்களில் இன்பச் சுற்றுலாவைப் பற்றியோ, விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றியோ, தாய்மொழியின் சிறப்பைப் பற்றியோ எழுதுவது வழக்கம். இவ்வாண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமிக்கோ பெண்ணுக்கோ நம் மாவட்டத்திலும் நம் ஊராட்சியிலும் அரசு என்னென்ன உதவிகளை வைத்திருக்கிறது என்பதே அப்பொருள். இதைக் கேள்விப்பட்டதும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "சின்னப் பிள்ளைங்க எழுதற விஷயமா சிஸ்டர் இது?" என்று கேட்டார்கள். சிஸ்டர் கோபப்படவில்லை. "இது நடக்கிற வயசு இவங்களுக்கு ஆயிடுச்சே அம்மா. தெரிஞ்சுக்கிற வயசு மட்டும் ஆகலையா?" என்றார்கள். கூட்டம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்தத் தாயாரே, "எழுதட்டும் சிஸ்டர், ஆனா மரியாதையா எழுதணும்" என்றார்கள். அவ்வாறே எழுத முயன்றிருக்கிறோம்.

இக்கட்டுரைக்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் காலைப் பேருந்தில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்திக்குத் தெரிந்த மனிதர் ஒருவராலேயே தீங்கு நேர்ந்துவிட்டது. வீட்டார் அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடப் போகிறார்கள். இதுதான் செய்தி. அதைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "யாருடி அவ?" என்பதே. எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண், அவள் அக்கா நம் பள்ளியில் படிக்கிறாளா என்று நான்கு நாட்கள் பேருந்திலும் மதிய உணவு நேரத்திலும் இதே பேச்சு. அவளுக்கு என்ன உதவி வேண்டும் என்றோ, யாரிடம் சொன்னால் நடக்கும் என்றோ எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நன்னெறி வகுப்பில் ஒருத்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சிஸ்டர் புத்தகத்தை மூடினார்கள். ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்று, 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். "நாலு நாளா பேசினீங்களே, இந்த நம்பர் ஒருத்திக்குமா தெரியாது?" என்றார்கள். தெரியும். பள்ளி வாசலுக்கு அருகில் சுவரில் எழுதியிருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வருகிறோம். எங்களுக்குத் தெரியாதது, அது நாங்கள் பேசுவதற்கான எண் என்பது.

அன்று தொடங்கியது எங்கள் படிப்பு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகாமுக்கு வந்த பெண் வழக்கறிஞர் ஒருவரும், பெண்களுக்கான சேவை மையத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவரும் இரண்டு சனிக்கிழமைகள் எங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வழக்கறிஞர் அம்மா வந்தவுடன் கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்து, "இந்த வீட்டுப் பெண்ணுக்கு இன்று தீங்கு நடந்துவிட்டது. நியாயம் கிடைக்க அவள் எத்தனை வாசல் ஏற வேண்டும்? எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்கள். நாங்கள் எண்ணினோம். அம்மா, ஆசிரியை, காவல் நிலையம், மருத்துவமனை, மாஜிஸ்திரேட், வழக்கறிஞர், நீதிமன்றம். ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம்மில் சிலருக்குத் தமிழாசிரியையிடம் வீட்டுப்பாடம் எழுதாததைச் சொல்லவே நாக்கு எழுவதில்லை. இவள் ஏழு முறை எப்படிச் சொல்வாள்? அரசு ஏற்படுத்தியிருக்கும் உதவிகளை எல்லாம் இந்தக் கணக்கைக் கொண்டே நாங்கள் படித்தோம். எந்த ஏற்பாடு அவள் ஏற வேண்டிய படிகளைக் குறைக்கிறதோ அது நல்ல ஏற்பாடு. எது கூட்டுகிறதோ அது பெயருக்கு மட்டும் உதவி.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய செய்தித்தாள்களில் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே அச்சிட்டு வந்தார்கள். அச்சொல்லை ஊன்றிப் பார்த்தால் அதில் குற்றம் செய்தவனைக் காணோம். எதையோ இழந்துவிட்டவளாக அந்தப் பெண் மட்டுமே நிற்கிறாள். இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்கிறோம். கொடுமை என்றால் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டுமல்லவா? மாற்றம் சொல்லில்தான், ஆனால் வெட்கம் யாருக்கு உரியது என்பதே இதில் இடம் மாறிவிடுகிறது. எங்கள் பாட்டிமார் இன்னும் பழைய சொல்லையே சொல்கிறார்கள். அவர்களைத் திருத்த எங்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே கொடுமைக்கு உள்ளானாள். 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்கள் இருவரையும் விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, எனவே அவள் எதிர்க்கவில்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு. 1979-இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அந்தச் சிறுமியின் பெயர் சட்டப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவள் வழக்கினால் வந்த சட்டமே பெயரைச் சொல்லாதே என்று சொல்வதால் நாங்கள் அதை இங்கே எழுதவில்லை.

பிறகு 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அப்போது சிறு குழந்தைகளாக இருந்திருப்போம். நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் அமைந்த மூவர் குழு ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. 2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. நிர்பயா நிதி என்ற பெயரில் தனி நிதி ஒதுக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்று தனியாக வந்த போக்சோ சட்டம் அதற்கும் சற்று முன்னரே, 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினெட்டு வயது நிறையாத எல்லோரும், ஆணாயினும் பெண்ணாயினும், இச்சட்டத்தின் பார்வையில் குழந்தைகளே. எங்களையும் சேர்த்துத்தான்.

இனி வாசல்களுக்கு வருவோம்.

முதல் வாசல் நிர்பயா நிதியில் பிறந்தது. 2015 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய திட்டத்தின்படி மாவட்டந்தோறும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஏற்படுத்தப்பட்டது. 'சகி' என்றும் சொல்வார்கள். தோழி என்று பொருள். தமிழ்நாட்டில் இது சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் உள்ள குழு இதை மேற்பார்க்கிறது. மருத்துவம், காவல்துறை உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, தங்க இடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் திட்டம். அந்த அக்கா சொன்ன ஒரு செய்தி எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, அப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்கன்னு நாங்க சொல்லக்கூடாது. நாங்களும் கூடப் போகணும். இல்லைன்னா அவங்களை இங்கே வரவழைக்கணும்" என்றார்கள். அவள் விரும்பினால் மையத்திலிருந்தபடியே காணொளி வழியாகக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வாக்குமூலம் தருவதற்குத் திட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப அஞ்சுகிறவள் ஐந்து நாட்கள் வரை அங்கேயே தங்கலாம். போலீஸில் புகார் கொடுத்தால்தான் கதவைத் திறப்போம் என்று மையம் சொல்லக்கூடாது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணில் அழைத்தாலும் இம்மையத்தோடு இணைத்துவிடுவார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவள் வந்தாலும் திருப்பி அனுப்பாமல், குழந்தைகள் நலக் குழுவோடு சேர்ந்து உதவ வேண்டும்.

ஆனால் மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. எங்களில் பலர் வரும் ஊர்களுக்குக் கடைசிப் பேருந்து இரவு ஏழரைக்கு. தீங்கு ஏழரைக்கு முன்தான் நடக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? இதை அந்த அக்காவிடமே கேட்டோம். வண்டி அனுப்பலாம், 108 ஊர்தியையும் அழைக்கலாம் என்றார்கள். பிறகு சற்று யோசித்து, "தூரம் தூரம்தான்மா" என்றும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படி ஒத்துக்கொண்டது எங்களுக்குப் பிடித்திருந்தது.

மருத்துவமனை வாசலைப் பற்றி நாங்கள் அதிகம் குறித்துக்கொண்டோம். ஏனெனில் இங்கேதான் நேரம் மிக முக்கியம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ எதுவாயினும் இவளுக்கு உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே சட்டம். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதை அப்படியே வைத்திருக்கிறது. மறுக்கும் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "முதல்ல போலீஸ் சீட்டு கொண்டா" என்று கேட்கக்கூடாது. போக்சோ விதிகள் குழந்தைக்கு அவசர சிகிச்சை தருவதற்கு முன் எந்த ஆவணமும் கேட்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். தாயோ, அவள் நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். பெண்ணை அவமதிக்கும் பழைய பரிசோதனை முறை ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. அதைச் செய்யும் மருத்துவர் தவறிழைத்தவர் ஆவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறிவிட்டது.

அக்கா சொன்ன நடைமுறைச் செய்திகள் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறோம். சிலருக்கு எழுதாமல் விடலாம் என்று தோன்றலாம். ஆனால் எவருக்காவது என்றாவது தேவைப்படும். நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. சாட்சியமாகக்கூடிய தடயங்களை ஏறத்தாழ நான்கு நாட்கள் வரை மருத்துவர் எடுக்க முடியும். ஆகையால் குளிப்பதற்கும் துணியைத் துவைப்பதற்கும் முன்பே மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. உடுத்தியிருந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். நம் வீடுகளில் முதலில் செய்வது என்ன? தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, துணியை எரித்துவிடுவது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த அன்பினாலேயே குற்றவாளி தப்பிவிடுகிறான். குளித்துவிட்டாலும், நாட்கள் பல கடந்துவிட்டாலும், சிகிச்சைக்கும் புகாருக்கும் காலம் தவறிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

காவல் நிலையம் என்றால் நமக்கெல்லாம் ஒரு நடுக்கம். இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973-இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலாவது 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. இன்று பல ஊர்களில் இருக்கின்றன. எந்த நிலையத்துக்குச் சென்றாலும், "இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் விஷயத்திலோ சட்டம் இந்த வாசலையே எடுத்துவிடப் பார்க்கிறது. குழந்தை காவல் நிலையத்துக்கு வர வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ காவல் அதிகாரி போய் வாக்குமூலம் பெற வேண்டும், அவர் இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது. எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாதாரண உடையில் ஒரு பெண் வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசினால், பேச்சு வருமா வராதா? சட்டத்தை எழுதியவர்களில் யாரோ ஒருவர் குழந்தைகளோடு பழகியவராக இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள இக்குழுவில் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் உண்டு. வீட்டிலேயே ஆபத்து என்றால், அதாவது தீங்கு செய்தவன் அதே வீட்டில் வாழ்கிறவன் என்றால், குழந்தையைக் குழுவின் முன் அழைத்து வந்து பாதுகாப்பான இடத்தை முடிவு செய்வார்கள். இக்குழு செய்யும் இன்னொரு வேலைதான் எங்களை மிகவும் கவர்ந்தது. 'ஆதரவு நபர்' என்று ஒருவரைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் சம்மதமானால் நியமிக்கலாம். விசாரணை தொடங்கியது முதல் தீர்ப்பு வரும் வரை அவர் கூடவே வருவார். அடுத்து என்ன நடக்கும், எந்த நாளில் எங்கே வர வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீனில் வந்துவிட்டானா என்பதை எல்லாம் வீட்டாருக்கு விளக்குவார். கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. ஏழு வாசலிலும் ஏழு புதிய முகங்களைப் பார்ப்பதற்குப் பதில், பழகிய முகம் ஒன்று கூட வருகிறது.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கொடுமைக்கு விலையா என்று ஒரு தோழி சினந்தாள். வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார்கள். தாய் கூலி வேலைக்குப் போகிறவள். மகளோடு மருத்துவமனையில் நான்கு நாட்கள் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. பேருந்துக் கட்டணத்துக்கே இல்லாதவர்கள் வழக்கை எப்படி நடத்துவார்கள்? அதற்காகத்தான் 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில், உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று வைத்தார்கள். அது தவிர இழப்பீடு உண்டு. 2018-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை என்றும், சிறுமியாயின் அதைவிடப் பாதி மடங்கு அதிகம் என்றும் வரையறுத்தார்கள். வழக்கு முடியும் முன்பே ஒரு பகுதியைச் சிறப்பு நீதிமன்றம் வழங்கலாம். குற்றவாளி அகப்படாமற் போனாலும் வழங்கலாம். வக்கீலுக்கும் பணம் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கடைசி வாசல் நீதிமன்றம். திரைப்படத்தில் வருவது போல் கூண்டில் ஏற்றி வக்கீல் மிரட்டுவார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். வக்கீல் குழந்தையை நேரே கேட்கக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக்கூடாது. சோர்ந்தால் இடைவேளை தர வேண்டும். திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. ஓராண்டுக்குள் வழக்கு 'இயன்றவரை' முடிய வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்த 'இயன்றவரை' என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களுக்கு வருத்தமாகிவிட்டது. நாங்கள் கணக்குப் பாடத்தை 'இயன்றவரை' முடிக்கிறோம் என்று சொன்னால் ஆசிரியை ஒப்புக்கொள்வார்களா? ஓராண்டைத் தாண்டி இழுக்கும் வழக்குகள் இருக்கின்றன என்று வழக்கறிஞர் அம்மாவும் மறுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் தொடங்கிய வழக்கு, அவள் எங்கள் வகுப்புக்கு வரும்போதும் நடந்துகொண்டிருக்கலாம்.

இத்தனை வாசல்களையும் தாண்டி ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் வாசல். கட்டப் பஞ்சாயத்து என்கிறோமே, அது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடு, பெண்ணின் வாழ்க்கை முக்கியம் என்பார்கள். ராஜஸ்தானில் ஒரு மாணவியின் தந்தையும் குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரும் சமரசம் செய்துகொண்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கையே நீக்கிவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தகைய குற்றம் இரு வீட்டாருக்கு இடையிலான சொந்த விவகாரம் அன்று எனக் கூறி, வழக்கு நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பேசி முடிக்க எவருக்கும் உரிமை இல்லை. பேசாமல் இருக்கவும் உரிமை இல்லை: குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ்ப் பணியாற்றுபவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. சொல்லாததற்காகக் குழந்தைக்குத் தண்டனை இல்லை என்றும் சட்டம் தனியே கூறுகிறது. எங்கள் நான்கு நாள் மௌனத்துக்கும் அதனால்தான் தண்டனை இல்லை. ஆனால் அது மௌனமே அன்று. பேச்சுத்தான், தவறான பேச்சு. ஏனெனில் சிறுமியின் பெயர், வீடு, பள்ளி, தெரு ஆகியவற்றை அச்சிட்டுப் பரப்பும் பத்திரிகைக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை தண்டனை உண்டு. பத்திரிகை செய்தால் குற்றமாகும் அதே வேலையை நாங்கள் பேருந்தில் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தோம்.

படிப்பின் முடிவில் ஓர் ஐயம் எழுந்தது. மாவட்டத்தில் இவ்வளவு இருக்கிறதே, நம் ஊரிலேயே ஏதேனும் உண்டா? உண்டு என்று தெரிந்தது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று பெயர். ஊராட்சித் தலைவர் தலைமையில், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம செவிலியர் முதலியோரோடு, சிறார் பிரதிநிதிகள் இருவரும் அதில் இருக்க வேண்டும். சிறார்! எங்களைப் போன்ற இருவருக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பது இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது. எங்கள் தோழி ஒருத்தி தன் ஊர் ஊராட்சி அலுவலகத்துக்குத் தந்தையாருடன் சென்று இதைப் பற்றி விசாரித்தாள். அங்கே தலைவர் இல்லை. 2025 ஜனவரியில் மற்றப் பல மாவட்டங்களைப் போலவே அவ்வூரிலும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றுவிட்டார். ஊராட்சிச் செயலர் நல்லவர். பீரோவைக் குடைந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அதில் குழுவின் உறுப்பினர் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிறார் பிரதிநிதிகள் இருவர் பெயரும் இருந்தன. அவர்களில் ஒருவர் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். இன்னொருவர் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார். குழு கூடியதற்கான கையெழுத்துகள் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருந்தன.

அந்த இரண்டு இடங்களுக்கும் எங்களில் அவ்வூரைச் சேர்ந்த இருவர் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றின் நகல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போயிருக்கிறது. மற்ற ஊர்த் தோழியரும் தங்கள் ஊர்க் குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

பக்கத்து ஊர்ச் சிறுமியைப் பற்றி, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் சிஸ்டரிடம் கேட்டோம். "படிக்கிறா" என்று மட்டும் சொன்னார்கள். எந்தப் பள்ளியில் என்று நாங்கள் கேட்கவில்லை.